முதல் கிளாஸுக்கு காசு, அடுத்த கிளாஸ் ஓசி... கூல்டிரிங்க்ஸ் ரீஃபிலுக்கு ஹோட்டல்கள் பணம் வாங்கலாமா?

பர்கர் கடையில் ஒரு காலி கப் கொடுப்பார்கள். அந்தக் கப்புக்கு ஒரு தடவை காசு கட்டினால் போதும். மெஷினில் எத்தனை முறை வேண்டுமானாலும் நிரப்பிக் குடிக்கலாம். யாரும் கேட்க மாட்டார்கள். அமெரிக்காவில் இது பல பத்தாண்டுகளாக நடக்கிறது. பிரிட்டனிலும் பெரிய செயின் ரெஸ்டாரண்ட்கள் பலவற்றில் இதே வழக்கம் இருந்தது.

2025 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் இந்த வழக்கத்துக்கு அரசு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. சர்க்கரை அதிகமுள்ள குளிர்பானத்தை இலவசமாக ரீஃபில் செய்து தரக் கூடாது என்பது இப்போது அங்கே சட்டம்.

"காசு கொடுத்து வாங்குற கஸ்டமருக்கும், விற்கிற கடைக்காரருக்கும் நடுவுல அரசாங்கத்துக்கு என்ன வேலை?" என்று ஒரு தரப்பு கேட்கிறது. "பின்னாடி ஆஸ்பத்திரிச் செலவை யார் பார்க்கிறது?" என்று இன்னொரு தரப்பு கேட்கிறது. ஒரு கிளாஸ் கோலாவுக்கு இவ்வளவு பெரிய சண்டையா என்று தோன்றலாம். ஆனால், இதற்குள் வியாபாரக் கணக்கு, மனித மனம், பொது சுகாதாரம் என மூன்று விஷயங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

இங்கிலாந்தின் சட்டம் என்ன சொல்கிறது?

கொழுப்பு, சர்க்கரை, உப்பு அதிகமுள்ள உணவுகளை விளம்பர உத்திகளால் தள்ளிவிடுவதைத் தடுக்க 2021-இல் இங்கிலாந்து ஒரு விதிமுறையைக் கொண்டு வந்தது. சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் இடத்துக்குப் பக்கத்திலும், கடை வாசலிலும் இந்தப் பொருட்களை அடுக்கி வைக்கக் கூடாது என்ற பகுதி 2022 அக்டோபரில் அமலுக்கு வந்தது. 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' போன்ற சலுகைகளுக்கும் இலவச ரீஃபிலுக்கும் உள்ள தடை மட்டும் தள்ளிக்கொண்டே போனது.

விலைவாசி உயர்வைக் காரணம் காட்டி முதலில் ஓராண்டு தள்ளிவைத்தார்கள். அப்புறம் 2025 அக்டோபருக்குத் தள்ளினார்கள். நடுவில் பிரதமர்கள் மாறினார்கள், ஆளுங்கட்சியும் மாறியது. ஆனாலும் விதி கைவிடப்படவில்லை.

விதியின் முக்கிய அம்சங்கள் இவை:

• 50 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்கே இது பொருந்தும். சிறிய கடைகளுக்கு விலக்கு உண்டு.

• எல்லாப் பானங்களுக்கும் தடை இல்லை. சர்க்கரை சேர்க்கப்பட்டு, அரசின் ஊட்டச்சத்து மதிப்பெண் முறையில் 'ஆரோக்கியம் குறைந்தது' என்று வரும் பானங்களுக்கு மட்டும்தான் தடை. சர்க்கரை இல்லாத டயட், ஜீரோ வகைகளை முன்பு போலவே இலவசமாக நிரப்பிக் கொடுக்கலாம்.

• இரண்டாவது கிளாஸ் குடிக்கவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. அதை ஓசியாகக் கொடுக்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. காசு கொடுத்தால் பத்து கிளாஸ்கூட வாங்கலாம்.

• கண்காணிப்பு உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பு. மீறினால் முதலில் திருத்திக்கொள்ளச் சொல்லி நோட்டீஸ் தரலாம். அதன் பிறகும் தொடர்ந்தால் 2,500 பவுண்ட் அபராதம் விதிக்கலாம்.

விதி வந்ததும் செயின்கள் தங்கள் வழக்கத்தை மாற்றின. உதாரணமாக, நாண்டோஸ் சாதாரண கோக்கை ஒரு கிளாஸோடு நிறுத்திவிட்டது. அதற்கு மேல் வேண்டுமென்றால் சர்க்கரை இல்லாத வகைகளை நிரப்பிக்கொள்ளலாம் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிவிட்டது.

ஓசி ரீஃபில் எப்படி வந்தது?

அமெரிக்காவின் சாலையோர உணவகங்களில் காபியைத் திரும்பத் திரும்ப ஊற்றிக் கொடுப்பது பழைய பழக்கம். 'அடி இல்லாத கோப்பை' என்று அதைச் சொல்வார்கள். குளிர்பானத்தில் இது பரவியது பின்னால்தான். 1980-களின் இறுதியில் டாக்கோ பெல் போன்ற செயின்கள் இலவச ரீஃபிலைக் கொடுக்க ஆரம்பித்தன. பக்கத்துக் கடைக்காரர் கொடுக்கும்போது தான் மட்டும் கொடுக்காமல் இருக்க முடியாது. போட்டியில் எல்லோரும் இறங்க, கொஞ்ச காலத்தில் அது வாடிக்கையாளரின் உரிமை போலவே ஆகிவிட்டது.

இதை சாத்தியமாக்கியது பாட்டில் அல்ல, மெஷின்தான். பாட்டிலாக வாங்கி விற்றால் இரண்டாவது பாட்டிலை யாரும் சும்மா தர மாட்டார்கள். ஃபவுண்டன் மெஷின் கதை வேறு. பிளாஸ்டிக் பையில் அடைத்த கெட்டியான சிரப் பெட்டியாக வந்து இறங்கும். மெஷின் அந்த சிரப்பையும், கார்பன் டை ஆக்சைடு கலந்த குளிர்ந்த தண்ணீரையும் சேர்த்து கப்பில் விடும். வழக்கமான கலவை ஒரு பங்கு சிரப்புக்கு ஐந்து பங்கு தண்ணீர். அதாவது கப்பில் விழுவதில் பெரும்பகுதி தண்ணீர்தான்.

மெஷினை கவுன்ட்டருக்கு வெளியே வைத்துவிட்டால் ஊற்றிக் கொடுக்க ஆளும் தேவையில்லை. கஸ்டமரே எழுந்து போய் நிரப்பிக்கொள்வார். சம்பளச் செலவு மிச்சம். எத்தனை தடவை நிரப்பினார் என்று கணக்கு வைக்க ஆள் போட்டால், அந்தச் சம்பளம் மிச்சப்படும் சிரப்பின் விலையைத் தாண்டிவிடும். அதனால்தான் 'போனா போகட்டும்' என்று விட்டுவிட்டார்கள்.

ஒரு ரீஃபிலுக்கு கடைக்காரருக்கு எவ்வளவு செலவு?

ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். அமெரிக்காவில் 5 கேலன் சிரப் பெட்டி பரவலாகப் பயன்படுகிறது. அது சுமார் 19 லிட்டர். ஐந்து மடங்கு தண்ணீர் சேர்ந்தால் சுமார் 113 லிட்டர் பானம் கிடைக்கும். ஐஸ் போக ஒரு கப்பில் 300 மில்லி பானம் பிடிக்கும் என்றால், ஒரு பெட்டியில் ஏறத்தாழ 375 கப் நிரப்பலாம்.

பெட்டியின் விலை 100 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கப்புக்கான சிரப் செலவு 27 சென்ட் வரும். கப், மூடி, ஸ்ட்ரா எல்லாம் முதல் தடவையே கொடுத்தாகிவிட்டது. எனவே ரீஃபிலுக்கு சிரப், கேஸ், ஐஸ் செலவு மட்டும்தான். பானத்தின் விலை 3 டாலர் என்றால், ஒருவர் இரண்டு முறை கூடுதலாக நிரப்பிக் குடித்தாலும் மொத்த சிரப் செலவு ஒரு டாலரைத் தொடாது.

உணவகத் தொழிலில் இறைச்சி, எண்ணெய், வாடகை, சம்பளம் எல்லாம் லாபத்தைக் கடித்துக்கொண்டே இருக்கும். குளிர்பானத்தில்தான் கையில் காசு நிற்கும். அதனால் ரீஃபில் என்பது கடைக்காரர் செய்யும் தர்மம் அல்ல. அடுத்த கிளாஸின் விலை முதல் கிளாஸிலேயே சேர்க்கப்பட்டிருக்கிறது. 'இலவசம்' என்ற சொல்லுக்காக கஸ்டமர் பானத்தையும் சேர்த்து ஆர்டர் செய்கிறார். கடைக்கு லாபம் கிடைப்பது அங்கேதான்.

அப்படியென்றால் காசு கொடுப்பது யார்?

நியாயம் பற்றிய கேள்வி இங்கேதான் எழுகிறது. ஒரே விலை கொடுத்து ஒருவர் அரை கிளாஸ் குடிக்கிறார், இன்னொருவர் நாலு கிளாஸ் குடிக்கிறார். குறைவாகக் குடிப்பவர் தரும் பணத்தில் அதிகமாகக் குடிப்பவருக்கு ஊற்றப்படுகிறது. பானத்தை வாங்கிக்கொண்டு போய் காரில் குடிப்பவருக்கு ரீஃபிலே கிடையாது. ஆனாலும் பல கடைகளில் அவரும் அதே விலையைத்தான் தருகிறார்.

அளவில்லாச் சாப்பாட்டிலும் இதே கணக்குதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம்மூர் மெஸ்ஸில் ஒருவர் இரண்டு கரண்டி சாதத்தோடு எழுந்துவிடுவார். பக்கத்து இலைக்காரர் சாம்பார், ரசம், மோர் என்று மூன்று ரவுண்டு போவார். இருவருக்கும் ஒரே பில்தான். இது பிடிக்காதவர்களுக்கு 'அளவுச் சாப்பாடு' என்று தனி போர்டு உண்டு. விலையும் குறைவு. தேர்வு கஸ்டமர் கையில் இருக்கிறது.

குளிர்பான ரீஃபிலில் பெரும்பாலும் அந்தத் தேர்வு இல்லை. 'ஒரு கிளாஸ் போதும், விலையைக் குறைச்சுக்கோங்க' என்று கேட்க வழி கிடையாது. ரீஃபிலுக்குத் தனிக் கட்டணம் வைத்து முதல் கிளாஸின் விலையைக் குறைத்தால் இந்தக் குறை தீரும். முதல் கிளாஸ் விலை அப்படியே இருக்க, ரீஃபிலுக்கும் காசு கேட்டால் அது விலை உயர்வுதான். பெயர் மட்டும்தான் வேறு. ரீஃபிலுக்குப் பணம் வாங்குவது சரியா என்ற கேள்விக்கான பாதி பதில், முதல் கிளாஸின் விலை என்ன ஆனது என்பதில் இருக்கிறது.

ஒரு கிளாஸில் எவ்வளவு சர்க்கரை?

சாதாரண கோலா பானத்தில் 100 மில்லிக்கு 10.6 கிராம் சர்க்கரை இருக்கிறது. 330 மில்லி கேன் என்றால் 35 கிராம். ஒரு ஸ்பூனுக்கு 4 கிராம் என்று கணக்கிட்டால் கிட்டத்தட்ட 9 ஸ்பூன். காபியில் 9 ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கொடுத்தால் யாரும் குடிக்க மாட்டார்கள். ஆனால் ஜில்லென்று இருக்கும்போது, கேஸும் புளிப்பும் சேர்ந்து அந்தத் தித்திப்பை மறைத்துவிடுகின்றன.

பிரிட்டனில் பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு, உணவிலும் பானத்திலும் சேர்க்கப்படும் சர்க்கரை எல்லாம் சேர்த்து நாளொன்றுக்கு அதிகபட்சம் 30 கிராம். 7 முதல் 10 வயதுக் குழந்தைகளுக்கு 24 கிராம். 4 முதல் 6 வயதுக்கு 19 கிராம். ஒரு கேனே அந்த நாளின் கணக்கை முடித்துவிடுகிறது. 300 மில்லி கப்பை மூன்று முறை நிரப்பினால் 95 கிராமைத் தொட்டுவிடும். பெரியவர்களுக்கு அது மூன்று நாள் ஒதுக்கீடு. ஐந்து வயதுக் குழந்தைக்கு ஐந்து நாள் ஒதுக்கீடு.

அரசு தலையிட்டதற்குக் காரணமும் இந்தக் குழந்தைகள்தான். இங்கிலாந்தில் ஆரம்பப் பள்ளியை முடித்து வெளியே வரும் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோர் எடை கூடுதலாகவோ, உடல் பருமனோடோ இருக்கிறார்கள். பல் சொத்தை, சர்க்கரை நோய், இதய நோய் ஆகியவற்றுக்கான சிகிச்சைச் செலவு அங்கே பொது சுகாதார சேவையின் தலையில்தான் விழுகிறது. அந்தச் சேவை நடப்பது வரிப்பணத்தில்.

'ஓசி' என்ற ஒரு சொல் என்ன செய்யும்?

"வேணும்னா குடிக்கிறான், வேண்டாம்னா விடுறான். இலவசமா இருந்தா என்ன, காசா இருந்தா என்ன?" என்ற கேள்விக்கு பொருளாதார ஆய்வுகளில் பதில் இருக்கிறது.

டான் அரீலி உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு பிரபலமானது. உயர்தர சாக்லேட் 15 சென்ட், சாதாரண சாக்லேட் 1 சென்ட் என்று வைத்தபோது பெரும்பாலானோர் உயர்தரத்தையே எடுத்தார்கள். இரண்டின் விலையிலும் வெறும் ஒரு சென்ட் குறைத்தார்கள். உயர்தரம் 14 சென்ட், சாதாரணம் இலவசம். இப்போது பெரும்பாலானோர் இலவசத்தின் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். விலை வித்தியாசம் அதே 14 சென்ட்தான். ஆனால் ஒரு சென்ட்டுக்கும் ஓசிக்கும் இடையே உள்ள தூரம் மனதளவில் ரொம்பப் பெரியது.

இன்னொரு விஷயம் அளவு. தட்டும் கப்பும் பெரிதாக இருந்தால் மனிதர்கள் அதிகமாகச் சாப்பிடுகிறார்கள், அதிகமாகக் குடிக்கிறார்கள் என்பதைப் பல பத்து ஆய்வுகளை ஒன்றுதிரட்டி அலசிய காக்ரேன் அமைப்பின் 2015 அறிக்கை காட்டியது. நிரப்பிக்கொண்டே இருக்கும் கப் என்பது ஒருவகையில் முடிவே இல்லாத பெரிய கப்தான்.

தாகம் முதல் கிளாஸிலேயே அடங்கிவிடும். இரண்டாவது, மூன்றாவது கிளாஸுக்கு எழுந்து போவது பெரும்பாலும் 'கொடுத்த காசுக்கு குடிச்சிடணும்' என்ற நினைப்பில்தான். ஒரு சிறிய கட்டணம் வைத்தாலே 'நமக்கு இது வேணுமா?' என்று ஒரு நொடி யோசிப்பார்கள். அரசு எதிர்பார்ப்பதும் அந்த ஒரு நொடியைத்தான்.

நியூயார்க்கில் என்ன ஆச்சு?

ரீஃபிலை விட்டுவிட்டுக் கப்பைப் பிடித்தால் என்ன நடக்கும் என்பதற்கு நியூயார்க் உதாரணம். அப்போதைய மேயர் மைக்கேல் ப்ளூம்பெர்க்கின் முயற்சியில், உணவகங்களில் 16 அவுன்ஸுக்கு மேல், அதாவது சுமார் 470 மில்லிக்கு மேல் பெரிய கப்பில் சர்க்கரை பானம் விற்கக் கூடாது என்று 2012-இல் நகர சுகாதார வாரியம் விதி போட்டது.

விதியில் பெரிய ஓட்டை இருந்தது. சின்ன கப்பில் வாங்கி எத்தனை முறை வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளத் தடை இல்லை. கிண்டல் செய்தவர்களுக்கு இது நல்ல தீனியாக அமைந்தது. 2013 மார்ச்சில் அமலுக்கு வர வேண்டிய நேரத்தில் நீதிமன்றம் விதியை நிறுத்தியது. 2014-இல் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமும், சுகாதார வாரியம் தன் அதிகார எல்லையைத் தாண்டிவிட்டது என்று சொல்லி விதியை ரத்து செய்தது.

இதில் இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று, மக்களின் தட்டிலும் கப்பிலும் கை வைக்கும் முடிவை சட்டமன்றத்தின் வழியாக எடுக்காவிட்டால் அது நிற்பது கஷ்டம். இரண்டு, கப்பின் அளவைக் கட்டுப்படுத்திவிட்டு ரீஃபிலை விட்டால் விதிக்கு அர்த்தமே இல்லை.

பிலடெல்ஃபியா வேறு வழியில் போனது. 2017 ஜனவரி முதல் இனிப்பூட்டிய பானங்களுக்கு அவுன்ஸுக்கு 1.5 சென்ட் வரி. மெஷின் சிரப்புக்கு, அதிலிருந்து எவ்வளவு பானம் தயாராகும் என்று பார்த்து வரி போடப்படுகிறது. 20 அவுன்ஸ் பானத்துக்கு 30 சென்ட் வரி என்றால், ஓசி ரீஃபில் கடைக்காரருக்கே வலிக்க ஆரம்பிக்கும். தடை போடாமலே கடைக்காரரை யோசிக்க வைக்கும் வழி இது.

பிரான்ஸ் எட்டு வருடத்துக்கு முன்பே...

இலவச ரீஃபிலுக்குத் தடை போட்ட முதல் நாடு இங்கிலாந்து அல்ல. பிரான்ஸ் 2017 ஜனவரியிலேயே இதைச் செய்துவிட்டது. அங்கே விதி இன்னும் கடுமை. சர்க்கரை பானம் மட்டுமல்ல, செயற்கை இனிப்பு சேர்த்த டயட் வகைகளையும் வரம்பில்லாமல் இலவசமாகக் கொடுக்கக் கூடாது. சின்னக் கடை, பெரிய கடை என்ற பாகுபாடும் கிடையாது.

இரண்டு நாடுகளின் அணுகுமுறையில் உள்ள வித்தியாசம் கவனிக்க வேண்டியது. தித்திப்பு என்ற பழக்கத்தையே குறைக்கப் பார்க்கிறது பிரான்ஸ். சர்க்கரையைக் குறைத்தால் போதும், தித்திப்பு இருந்துவிட்டுப் போகட்டும் என்கிறது இங்கிலாந்து.

இங்கிலாந்தின் வழிக்கு ஒரு பின்னணி உண்டு. 2018 ஏப்ரலில் அங்கே குளிர்பான வரி வந்தது. 100 மில்லிக்கு 8 கிராமும் அதற்கு மேலும் சர்க்கரை இருந்தால் லிட்டருக்கு 24 பென்ஸ், 5 முதல் 8 கிராம் வரை என்றால் 18 பென்ஸ் என்று ஆரம்பித்தார்கள். வரியைத் தவிர்க்கப் பல நிறுவனங்கள் தங்கள் பானத்தில் சர்க்கரையைக் குறைத்துவிட்டன. குடிப்பவரைத் திட்டாமல் தயாரிப்பவரை மாற்ற வைத்த உத்தி அது. ரீஃபில் விதியிலும் அதே யோசனைதான் தெரிகிறது. ஜீரோ வகை இலவசம், சர்க்கரை வகைக்குக் காசு என்றால், நிறைய பேர் தாங்களாகவே மாறிவிடுவார்கள் என்பது எதிர்பார்ப்பு.

எதிர்ப்பாளர்கள் சொல்வது என்ன?

தடையை எதிர்ப்பவர்கள் முக்கியமாக நான்கு வாதங்களை வைக்கிறார்கள்.

முதலாவது, தனிமனித சுதந்திரம். பெரியவர்கள் என்ன குடிக்கலாம் என்பதை அரசு சொல்லக் கூடாது என்கிறார்கள். இதற்குப் பதில், இங்கே குடிப்பது தடை செய்யப்படவில்லை, விற்பனை உத்திதான் தடை செய்யப்பட்டிருக்கிறது. ஆனாலும் எது உத்தி, எது சேவை என்ற கோட்டை அரசு போடுவது சரியா என்ற கேள்வி மிச்சம் இருக்கத்தான் செய்கிறது.

இரண்டாவது, ஏழைகள் மீதான சுமை. மாதத்தில் ஒருநாள் பிள்ளைகளோடு வெளியே சாப்பிடப் போகும் குடும்பத்துக்கு, ஒரு கப் வாங்கி நிரப்பிக்கொள்வது சிக்கனம். பணக்காரர் இரண்டாவது கிளாஸையும் காசு கொடுத்து வாங்கிவிடுவார். இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. அதே நேரம், உடல் பருமனும் சொத்தைப் பல்லும் வசதி குறைந்த பகுதிகளில்தான் அதிகம் என்பதும் உண்மை. மலிவான இனிப்பின் விலையையும் அதே குடும்பங்கள்தான் வேறு வழியில் கொடுக்கின்றன.

மூன்றாவது, 50 ஊழியர் எல்லை. பெரிய செயினில் கிடைக்காத ஓசி ரீஃபில், அதே தெருவில் உள்ள சின்னக் கடையில் கிடைக்கும். சர்க்கரைக்குக் கடையின் சைஸ் தெரியுமா என்று கேட்கிறார்கள். சின்னக் கடைக்காரர் ஒவ்வொரு பானத்துக்கும் மதிப்பெண் கணக்கு பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பது அரசுத் தரப்பு நியாயம். குழந்தைகள் அதிகம் போவது பெரிய செயின்களுக்குத்தான் என்பதால் இந்தச் சமரசம் புரிந்துகொள்ளக் கூடியது. ஆனால் ஓட்டை ஓட்டைதான்.

நான்காவது, டயட் பானங்கள். செயற்கை இனிப்பூட்டிகளை உடல் எடையைக் குறைக்கும் வழியாகப் பயன்படுத்த வேண்டாம் என்று 2023-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அப்படி இருக்க, டயட் பானத்தை வரம்பில்லாமல் கொடுக்கலாம் என்பது முரண்பாடு இல்லையா? பிரான்ஸ் இந்த இடத்தில்தான் இங்கிலாந்தைவிட உறுதியாக நிற்கிறது. எனினும், 95 கிராம் சர்க்கரைக்கும் பூஜ்ஜியம் கிராமுக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் எது குறைந்த தீமை என்பதில் பெரிய குழப்பம் இல்லை.

அமெரிக்காவிலேயே மாறும் காற்று

இலவச ரீஃபிலின் தாய்வீடான அமெரிக்காவிலும் நிலைமை மாறிவருகிறது. அங்கே காரணம் சட்டம் அல்ல, வியாபாரம். தன் அமெரிக்கக் கடைகளின் சாப்பாட்டுக் கூடத்தில் உள்ள சுயசேவை பான மெஷின்களை 2032-க்குள் படிப்படியாக எடுத்துவிடப் போவதாக மெக்டொனால்ட்ஸ் 2023-இல் அறிவித்தது. கடையில் சாப்பிட்டாலும், காரில் வாங்கிப் போனாலும், ஆப்பில் ஆர்டர் செய்தாலும் ஒரே மாதிரியான அனுபவம் வேண்டும் என்பது அந்த நிறுவனம் சொன்ன காரணம்.

ஆர்டர்களில் பெரும்பகுதி காரிலும் ஆப்பிலும் போகும்போது, கூடத்தில் ஒரு மெஷினை வைத்து, துடைத்து, பராமரிப்பது கடைக்காரருக்குத் தேவையில்லாத செலவு. மெஷின் கவுன்ட்டருக்குப் பின்னால் போய்விட்டால் ரீஃபில் வேண்டும் என்று ஊழியரிடம் கேட்க வேண்டும். அவர் கொடுப்பாரா, காசு கேட்பாரா என்பது அந்தந்தக் கடையின் முடிவு. போட்டியால் வந்த வழக்கம், வியாபார முறை மாறும்போது தானாகவே தேயவும் செய்கிறது.

இந்தியாவுக்கு இதில் என்ன பாடம்?

நம்மூரில் குளிர்பானம் பெரும்பாலும் பாட்டில், கேன் வடிவில்தான் வருகிறது. ஓசி ரீஃபில் இங்கே பெரிய வழக்கம் இல்லை. வரியும் ஏற்கெனவே அதிகம். 2025 செப்டம்பர் 22 முதல் அமலான ஜி.எஸ்.டி. மாற்றத்தில், கேஸ் அடைத்த குளிர்பானங்கள் 40 சதவீத வரிப் பட்டியலில் இருக்கின்றன. அதற்கு முன்பும் 28 சதவீத வரி, 12 சதவீத செஸ் என்று மொத்தச் சுமை அதே 40 சதவீதம்தான்.

ஆனால் 'காம்போ' வலை இங்கேயும் உண்டு. பர்கரோடு பானம் சேர்த்தால் கொஞ்சம்தான் கூடுதல், பானத்தைப் பெரிதாக்கினால் இன்னும் கொஞ்சம் என்று பில் கவுன்ட்டரில் கேட்கப்படும் கேள்வி, ஓசி ரீஃபிலின் தம்பிதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. இந்த எண்ணை வைத்துப் பார்த்தால், இங்கிலாந்தின் சண்டை நமக்கு ரொம்ப தூரத்துச் சண்டை இல்லை.

அப்போ, பணம் வாங்கலாமா கூடாதா?

கடைக்காரரின் செலவை மட்டும் பார்த்தால் ரீஃபிலுக்குப் பணம் வாங்க வலுவான காரணம் இல்லை. அந்தச் செலவை முதல் கிளாஸிலேயே வசூலித்துவிடுகிறார்கள். எனவே 'நஷ்டமாகுது, அதனால காசு' என்று ஒரு கடை சொன்னால், முதல் கிளாஸின் விலையைக் குறைத்தீர்களா என்று கஸ்டமர் தாராளமாகக் கேட்கலாம்.

உடல்நலத்தைப் பார்த்தால் விடை வேறு. சர்க்கரை பானத்தின் அடுத்த கிளாஸுக்கு ஒரு விலை இருப்பது நல்லது. அது தண்டனை மாதிரி பெரிய தொகையாக இருக்க வேண்டியதில்லை. ஓசி என்ற மயக்கத்தைக் கலைக்கும் அளவுக்கு இருந்தாலே போதும்.

அப்படி வாங்குவதென்றால் மூன்று நிபந்தனைகள் நியாயமானவை. முதலில், விலையை மெனுவிலேயே தெளிவாகப் போட வேண்டும். குடித்து முடித்த பிறகு பில்லில் பார்த்து அதிர்ச்சி அடைய விடக் கூடாது. இரண்டாவது, ஒரு கிளாஸ் மட்டும் குடிப்பவருக்கு விலை குறைய வேண்டும். மூன்றாவது, தண்ணீர் எப்போதும் இலவசமாக, கேட்காமலே எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பிரான்ஸில் சாப்பிட வருபவருக்குக் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டியது உணவகங்களின் கடமை. இங்கிலாந்தில் மது விற்க உரிமம் பெற்று, அங்கேயே பரிமாறும் இடங்களும் கேட்டால் குடிநீரை இலவசமாகத் தர வேண்டும்.

கடைசி நிபந்தனைதான் முக்கியம். சர்க்கரைத் தண்ணீர் ஓசி, நல்ல தண்ணீர் காசு என்று ஒரு கடை நடந்தால், பிள்ளை எதை எடுக்கும் என்று யோசிக்கவே வேண்டாம். தண்ணீரை ஓசியாக வைத்து, இரண்டாவது கோலாவுக்குக் காசு கேட்கும் கடையில் அந்தப் பிள்ளைக்குத் தாகமும் அடங்கும், பெற்றோருக்கு 'போதும்' என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கும்.